நான்கு எல்லைக்கு உட்பட்ட ஜெர்மன் கார்

ஒரு வார்த்தையைச் சரியாக எழுதிய குற்றத்துக்காக ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கேட்டால் அதற்கும் ஒரு படிவம் தருவார்கள். தப்பாக எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த மனிதருக்கு அச்சகத்தில் கமா என்று பெயர். பிழை திருத்துகிற வேலை. விளம்பர நோட்டீஸோ, அரசாங்கப் படிவமோ, அவர் கையில் வந்த எதுவும் கூடுதலாக நாலு கமா இல்லாமல் வெளியே போனதில்லை. வீட்டில் மனைவி திட்டும்போதுகூட, "நடுவுல ஒரு இடத்துல நிறுத்தியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கட்டிக்கொள்வார். மற்றபடி பரம சாது. சிக்னல் கெட்டுப்போய் விளக்கே எரியாத இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

இவருக்கு ஒரே மகள். அவள் டிரம்ஸ் அடிப்பவள். சாதாரணமாக அடிப்பவள் இல்லை. மேல் மாடிக்காரர் சண்டைக்கு வந்து, கதவருகே நின்று கேட்டு, தாளம் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற அளவுக்கு அடிப்பவள். நூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய நகரத்தில் இசைக் கல்லூரி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு நுழைவுத் தேர்வு. அவரவர் வாத்தியத்தை அவரவரே கொண்டுவர வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கதவு திறக்காது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, வாழ்க்கையில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

டிரம் செட் என்றால் ஏழு டிரம், அவற்றுக்குக் கால், கை, தட்டு, முக்காலி. பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. ஒருமுறை டாக்ஸியின் கூரையில் கட்டினார்கள். பெரிய டிரம் அவிழ்ந்து, மேட்டிலிருந்து உருண்டு, டாக்ஸிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் கமா சொந்தமாக ஒரு கார் வாங்குவது என்று முடிவெடுத்தார்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். கார் கறுப்பு, ஜெர்மன்காரன் செய்தது, எட்டு வயது. முன்னாலிருந்து பார்த்தால் பந்தயக் கார். பின்னாலிருந்து பார்த்தால் பீரோ. இப்படிக் கூரை கடைசிவரை நீண்டு, பின்பக்கம் சாமான் ஏற்ற ஓர் அறையே இருக்கிற காருக்கு எஸ்டேட் கார் என்று பெயர். உள்ளே ஐந்நூற்று ஏழு குதிரைசக்தி.

ஓட்டிக் காட்டும்போது டாக்டர் சொன்னார்: "நல்லா சாஞ்சு உட்காருங்க. பயப்படாதீங்க. லேசா ஒரு அழுத்து அழுத்துவேன். வலிச்சா கையைத் தூக்குங்க."

அழுத்தினார். கமா இரண்டு கையையும் தூக்கினார். வலியில்லை, சந்தோஷம். ஐம்பது வயதுவரை இப்படி ஒரு சந்தோஷம் உலகத்தில் இருப்பதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த காரை மனைவி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; எதையும் பின்பக்கம் திருப்பிப் படித்துப் பார்க்கிற பழக்கம்.

"டிரம்முக்காகத்தான் வாங்கினீங்களா?"

"டிரம்முக்காகத்தான்."

"நாலு செகண்டுல நூறு கிலோமீட்டர் வேகம் போகணும்னு டிரம்மு கேட்டுச்சா?"

கமா தரையைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. நாளைக்குப் பேர் மாத்தப் போறப்ப காருன்னு மட்டும் எழுதுங்க. அங்க போயி உங்க வேலையைக் காட்டாதீங்க."

காட்டினார். 'வாகனத்தின் வகையைத் தெளிவாக, முழுமையாக எழுதவும்' என்று படிவத்தில் இருந்தது. அந்தக் கமாவைப் போட்டவரே இவர்தான். அவர்கள் அச்சகத்தில் அடித்த படிவம். தான் போட்ட கமாவுக்குத் தானே மரியாதை கொடுக்காவிட்டால் எப்படி? தெளிவாக, முழுமையாக, குண்டுகுண்டான எழுத்தில் 'எஸ்டேட்' என்று எழுதினார்.

வாகன அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"சார், எஸ்டேட்டெல்லாம் இங்க பதியறதில்ல. நிலம், வீடு, தோட்டம், எஸ்டேட் எல்லாம் எதிர்க் கட்டிடம். பத்திரப் பதிவு."

"இது அந்த எஸ்டேட் இல்லீங்க. கார். அதோ பாருங்க, வெளியில நிக்குது. கறுப்பா."

"நான் ஏன் சார் வெளியில பார்க்கணும்? இந்த ஆபீஸ்ல பேப்பரைத்தான் பார்ப்போம். வண்டியைப் பார்க்கிற வழக்கம் இங்க கிடையாது."

"சரி, குடுங்க. அடிச்சிட்டு காருன்னு எழுதிடறேன்."

குமாஸ்தா படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அடிக்கிறதா? அரசாங்கப் படிவத்துல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு கீழேயே போட்டிருக்கு, பார்க்கலியா?"

கமா பார்த்திருந்தார். அதையும் பிழை திருத்தியவர் அவர்தான்.

"புதுப் படிவம் ஒண்ணு தர முடியுமா?"

"ஒரு ஆளுக்கு ஒரு படிவம். ரெண்டு குடுத்தா ரெண்டு ஆளாயிடுவீங்க. அப்புறம் ஒருத்தரை இல்லேன்னு நிரூபிக்கணும். அது ரொம்பக் கஷ்டம் சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன்." இப்படிச் சொல்லிவிட்டு ஒரு முத்திரை குத்தினார். 'எதிர்க் கட்டிடத்துக்கு மாற்றப்பட்டது.'

இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில் ஒரே வாகன நிறுத்துமிடம். கமாவின் கார் அங்கேதான் நின்றது, பின்னால் ஏழு டிரம்மோடு. அலுவலக வேலை முடிந்ததும் டிரம்முக்குத் தோல் மாற்றும் கடைக்குப் போகலாம் என்று மகள் ஏற்றி வைத்திருந்தாள். தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. நிறைய நேரம் இருப்பதாக அந்த அப்பாவி நினைத்துக்கொண்டார்.

பத்திரப் பதிவாளர் அம்மா நல்லவர். நல்லவர் என்பதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் விரட்டிவிட்டிருப்பார். இவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு புதிய பேரேட்டைத் திறந்தார்.

"எஸ்டேட் வாங்கியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இந்தக் காலத்துல யாரு வாங்குறா? நாலு எல்லை சொல்லுங்க."

"அம்மா, அது ஒரு கார்…"

"அது என்னவா வேணா இருக்கட்டுங்க. எல்லையில்லாத சொத்து இருக்கா? வடக்கே என்ன?"

கமா ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவருக்கு இருக்க வராது. "வடக்கே… ஒரு பூந்தொட்டி."

எழுதிக்கொண்டார். "தெற்கே?"

"ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குடை ரிப்பேர் பண்றார்."

"கிழக்கே?"

"பால் வேன்."

"மேற்கே?"

"'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது'ன்னு ஒரு பலகை. சக்கரம் வெச்சது."

"அருமை. நாலு எல்லையும் இவ்வளவு பளிச்சுன்னு சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்ல," என்றார் பதிவாளர் அம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பதிவு முடியற வரைக்கும் சொத்து எல்லையை விட்டு நகரக் கூடாது. எல்லைங்களும் எல்லையாவே இருக்கணும்" என்று சொல்லி மணியடித்தார். பியூன் வந்து ஐந்து உத்தரவை வாங்கிக்கொண்டு போனார். ஒன்று காருக்கு. நான்கு எல்லைகளுக்கு.

பால் வேன்காரர் உத்தரவைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "யோவ், ஒரு முத்திரை குத்திட்டுப் போலாம்னு ரெண்டு நிமிஷம் நிறுத்தினேன்யா! உள்ள நானூறு லிட்டர் பால் இருக்கு! உன் எஸ்டேட்டுக்கு நான் கிழக்கா?"

"மன்னிச்சிடுங்க. நீங்க அந்தப் பக்கம் நின்னுட்டீங்க," என்றார் கமா. உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

குடை ரிப்பேர்காரர் நேர்மாறு. இருபது வருஷமாக அந்த இடத்திலிருந்து அவரை விரட்டிக்கொண்டிருந்த அதே அலுவலகம், அவர் அங்கேதான் உட்கார வேண்டும் என்று முத்திரை போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது! அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டூலுக்குப் பின்னால் மாட்டினார். அன்றிலிருந்து குடை கொண்டுவருபவர்களிடம், "தெற்கு எல்லை இப்ப வேலையா இருக்கு, அப்புறம் வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் நில அளவையாளர் சங்கிலியோடு வந்தார். காரின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். நிழலையும் அளக்கப் போனார். மேகம் வந்து காப்பாற்றியது. பிறகு முட்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கூரையில திறப்பு இருக்கே, அனுமதி வாங்கினீங்களா?"

"ஜெர்மனியிலயே வெச்சு அனுப்பிட்டாங்க."

"நீர்நிலை ஏதாவது?"

"முன் கண்ணாடி கழுவ ஒரு சின்னத் தொட்டி இருக்கு. நாலு லிட்டர்."

'குளம், ஒன்று' என்று எழுதினார். பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதென்ன, உள்ள கட்டிடம் வேற கட்டியிருக்கீங்க?"

"அது டிரம்முங்க. என் பொண்ணோடது."

"வட்ட வடிவக் கட்டிடம், ஏழு. குடியிருப்பு இல்லை." எழுதி முடித்து, வண்டி நம்பர் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு சர்வே நம்பரை ஒட்டி, சங்கிலியைச் சுருட்டினார். "நல்லா கேட்டுக்குங்க. அளந்தப்ப இருந்த கட்டிடத்தை யாரும் இடிக்கவோ எடுக்கவோ கூடாது. எடுத்தா ஜெயில்."

இப்படியாக டிரம்மும் மாட்டிக்கொண்டது. வேறு வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இருந்த ஒரே வழியும் போனது. மகள் தினமும் சாயங்காலம் வந்து, பின்கதவு வழியாக ஏறி, குறுக்கி மடங்கி உட்கார்ந்து காருக்குள்ளேயே பயிற்சி செய்தாள். முழங்கால் தாடையில் இடிக்கும். அடி விழும்போதெல்லாம் கார் குதிக்கும். பால் வேன்காரர் முதல் நாள் திட்டினார், இரண்டாம் நாள் கேட்டார், மூன்றாம் நாள் பால் கேனில் கூடவே தட்டினார். குடைக்காரர் மட்டும், "எல்லைகள் சத்தம் போடக் கூடாது" என்று கண்டித்தார்.

ஆறாம் நாள் குதிரைப் பிரச்சினை வந்தது. விற்பனைச் சீட்டில் ஐந்நூற்று ஏழு குதிரைசக்தி என்று இருந்ததைக் கால்நடைத் துறைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். வந்து காரைச் சுற்றி மூன்று முறை நடந்து, "ஒண்ணைக் கூடக் காணோமே" என்றார்.

"இன்ஜினுக்குள்ள இருக்குங்க," என்றார் கமா. அவரும் களைத்துப்போயிருந்தார்.

"ஐந்நூத்தி ஏழையும் ஒரே இடத்துலயா அடைச்சு வெச்சிருக்கீங்க? ஈவு இரக்கம் இல்ல உங்களுக்கு?" அன்றிலிருந்து அந்தக் கார் மேய்ச்சல் நிலம் என்று வகைப்படுத்தப்பட்டது. தினம் காலையில் ஒரு கட்டுப் புல் போட வேண்டும் என்று உத்தரவு. கமா போட்டார். சாயங்காலம் புல் அப்படியே இருப்பதைப் பார்த்த துறைக்காரர், குதிரைகள் கவலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பெரிய அதிகாரி முன்னால் விசாரணை. நீண்ட மேஜை, அதற்கு அந்தக் கோடியில் அதிகாரி. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்து முப்பத்தி நாலு வருஷம் ஆகுது. ஒரு தப்பு பண்ணினதில்ல. எப்படின்னு கேளுங்க. எதையுமே முடிச்சதில்ல! முடிச்சாத்தானே தப்பு வரும்? எனக்கு முன்னால இருந்தவர் அவசரப்பட்டு ரெண்டு கோப்பை முடிச்சார். ரெண்டும் தப்பு. பாவம், பதவி உயர்வு குடுத்து அனுப்பிட்டாங்க. மக்களுக்கு என்ன தேவைன்னு எங்களுக்குத் தெரியும். நம்பிக்கை! நாளைக்கு நடக்கும்கிற நம்பிக்கை. இன்னைக்கே நடத்திக் குடுத்துட்டா நாளைக்கு அந்த ஜனங்க எதை நம்பி வருவாங்க?"

எல்லாரும் கை தட்டினார்கள். கமாவும் தட்டினார். பிறகுதான் ஏன் தட்டினோம் என்று யோசித்தார்.

"உங்க கோப்பு தங்கம் மாதிரி இருக்கு," என்று தொடர்ந்தார் அதிகாரி. "ஒரே ஒரு குறை. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லேன்னு சான்று வேணும். உங்க எஸ்டேட் எட்டு வருஷத்துக்கு முன்னாலதான் உருவாகியிருக்கு. அதுக்கு முந்தின இருபத்திரண்டு வருஷம் அது யார்கிட்ட இருந்தது?"

"இல்லவே இல்லீங்க. செய்யவே இல்ல."

"இல்லாத சொத்தை யாரோ இருபத்திரண்டு வருஷமா மறைச்சு வெச்சிருக்காங்க. அது பெரிய வில்லங்கமாச்சே!"

கமா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேஜையின் மேல் கையை ஊன்றினார். "ஐயா, நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு என் பொண்ணு அங்க இருக்கணும். இதை விட்டா அவளுக்கு வேற நாள் கிடையாது. பன்னிரண்டு வயசுலேர்ந்து அவ அடிச்சதெல்லாம் இந்த ஒரு நாளுக்காக. என் ஒரு வார்த்தையால அது போயிடக் கூடாது. கால்ல வேணா விழறேன்."

"விழுங்க, தாராளமா. அதுக்குப் படிவம் வேண்டாம். ஆனா உத்தரவு உத்தரவுதான். உங்க பொண்ணு எங்க வேணாலும் போகலாம். எஸ்டேட் அதோட நாலு எல்லையை விட்டு நகரக் கூடாது."

வெளியே வந்து காரின் மேல் சாய்ந்து நின்றார் கமா. அழுகை முட்டியது. மகள் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "விடுங்கப்பா. அடுத்த வருஷம் வேற ஏதாவது படிச்சுக்கறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சமாதானம் சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கையில் உத்தரவு இருந்தது. வேறு ஒன்றும் செய்யத் தெரியாததால் அதைப் பிழை திருத்தினார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் போனார். 'மேற்படி எஸ்டேட் தனது நான்கு எல்லைகளை விட்டு நகரக் கூடாது.' அடுத்தது, பால் வேன்காரரிடம் கேட்டு வாங்கிய அவருடைய உத்தரவு. 'மேற்படி எஸ்டேட்டின் கிழக்கு எல்லையாக நீடிக்க வேண்டும்.' இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடினார்.

"எல்லை நகரக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே!"

"என்ன சார்?" என்றார் பால் வேன்காரர்.

"நீங்க எனக்குக் கிழக்காவே இருக்கணும். அவ்வளவுதான் போட்டிருக்கு. நான் போனா நீங்களும் கூடவே கிழக்குப் பக்கமா வந்தா, ரெண்டு பேரும் உத்தரவை மீறல!"

பால் வேன்காரர் இரண்டு நிமிஷம் யோசித்தார். பிறகு கமாவைக் கட்டிப்பிடித்து, தூக்கி, இறக்கினார்.

குடைக்காரரை மசிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் அரசாங்க எல்லை. கண்டபடி அலைய முடியாது" என்றார். ஜெர்மன் காரில் சாய்ந்து உட்கார்ந்து போகலாம் என்றதும், "கடமைன்னு வந்துட்டா போய்த்தானே ஆகணும்" என்று ஸ்டூலை மடித்தார்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். நல்லவேளை, நகரம் நேர் வடக்கே இருந்தது. பூந்தொட்டியைக் காரின் முன்மூக்கில் கயிறு போட்டுக் கட்டினார்கள், வடக்கு. குடைக்காரர் கடைசியில், ஏழு கட்டிடங்களுக்கும் பின்னால், கதவோடு ஒட்டி உட்கார்ந்தார், தெற்கு. மகள் முன் சீட்டில் இருந்தபடி இடது ஜன்னலுக்கு வெளியே பலகையைப் பிடித்துக்கொண்டாள், மேற்கு. வலப்பக்கத்தில் பால் வேன் கூடவே வந்தது. வழியனுப்ப வந்த மனைவி நிறுத்துமிடத்தின் வாசலில் நின்று பார்த்தாள். "என்னங்க, அந்தப் பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போங்க" என்றாள்.  கண் கலங்கியிருந்தது.

பால் வேன் ஐம்பதுக்கு மேல் போகாது. ஐம்பத்தொன்றில் கதவு கழன்றுவிடும். ஆகவே ஐந்நூற்று ஏழு குதிரைகளும் பால் வேனுக்குப் பக்கத்தில் பூனை மாதிரி நடந்தன. சைக்கிள்காரர் ஒருவர் முந்திக்கொண்டு போனார், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

நேர் ரோட்டில் கஷ்டமில்லை. வளைவில்தான் வம்பு. ரோடு கிழக்கே திரும்பினால் கிழக்கு முன்னால் வந்துவிடும். பால் வேன் பாய்ந்து முன்னே போக வேண்டும், பூந்தொட்டியை அவிழ்த்து இடப்பக்கம் பிடிக்க வேண்டும், மகள் பலகையோடு பின்னால் ஓட வேண்டும், குடைக்காரர் வலப்பக்க ஜன்னலுக்கு நகர வேண்டும். குடைக்காரர் கையில் ஒரு திசைகாட்டி இருந்தது. "தெற்கு மாறுது, தெற்கு மாறுது!" என்று கத்திக்கொண்டே டிரம்களின் மேல் தவழ்வார். இப்படி ஆறு வளைவு. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிஷம்.

எட்டரை மணிக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருந்தது. அப்போது பால் வேன் புகைந்தது. இருமியது. ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

பால் வேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "போங்க சார்! நான் இங்கிருந்தே கிழக்கா இருக்கேன்!"

கமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லையை விட்டு நகரக் கூடாது. எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதை ஐம்பது வருஷமாக மீறியதில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். மூன்றரை மணி நேரமாக அந்தப் பலகையைப் பிடித்துப் பிடித்து அவள் கை கன்றிச் சிவந்திருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் டிரம் அடிக்க வேண்டிய கை. அதைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று பொங்கிவிட்டது. கோபம்தான், வேறென்ன!

"பாப்பா, அந்தப் பலகையைத் தூக்கிப் போடு."

"அப்பா?"

"போடுன்னு சொல்றேன்ல! போட்டுட்டு சாஞ்சு உட்காரு. வாயைத் திறக்காதே."

அழுத்தினார்.

பதினோரு நாள் கவலையில் இருந்த குதிரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பின. முன்மூக்கில் இருந்த பூந்தொட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கூரைக்கு மேலே பறந்து பின்னால் விழுந்தது. "சார்!" என்று அலறினார் குடைக்காரர். "வடக்கு தெற்கே போயிடுச்சு!"

"போகட்டும்!" என்றார் கமா. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மகளும் சிரித்தாள். அப்பா சிரித்து இவ்வளவு சத்தம் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

நகரத்துக்கு இருபது கிலோமீட்டர் முன்னால் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கமா பழக்க தோஷத்தில் ஒழுங்காக நிறுத்தினார்.

"இருநூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்! வண்டி நம்பர் எங்க?"

"வண்டி நம்பர் இல்லீங்க. சர்வே நம்பர்தான் இருக்கு." கோப்பை நீட்டினார்.

போலீஸ்காரர் படித்தார். மேய்ச்சல் நிலம். குளம் ஒன்று. வட்டக் கட்டிடம் ஏழு. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப இது நிலமா?"

"நிலம்தான் அங்கிள்," என்றாள் மகள். "முத்திரை பாருங்க."

பின்னாலிருந்து குடைக்காரர் கம்பீரமாக எட்டிப் பார்த்தார். "நான் தெற்கு எல்லை."

போலீஸ்காரர் அபராதச் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கார், லாரி, பஸ், மாட்டு வண்டிவரை கட்டம் இருந்தது. நிலத்துக்குக் கட்டம் இல்லை. "நிலம் ரோட்டுக்கு வந்தா அது ஆக்கிரமிப்பு. அதை நகராட்சிதான் பார்க்கணும். எனக்கு சம்பந்தமில்ல, போங்க போங்க" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கல்லூரி வாசல். கமாவும் குடைக்காரரும் ஆளுக்கு மூன்று கட்டிடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மகள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே முதல் அடி விழுந்தது. வெளியே வராந்தாவில் கமா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சத்தம் முடியும் வரை மூச்சு விடவில்லை.

இதற்கிடையே பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெரும் குழப்பம். வாகன நிறுத்துமிடத்தில் எஸ்டேட்டைக் காணோம். அசையாச் சொத்து அசையாது என்பது சட்டம். அசைந்துவிட்டது என்று எழுதினால் சட்டம் தப்பாகிவிடும். அசையவில்லை என்று எழுதினால் இடம் காலியாக இருக்கிறது. பெரிய அதிகாரி மூன்று நாள் யோசித்தார். முப்பத்தி நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோப்பில் முடிவு எழுதினார். ஒரு நிலம் தானாக இடத்தை விட்டுப் போவதற்குச் சட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: நிலச்சரிவு.

இரண்டு வாரம் கழித்து, பேரிடர் நிவாரண அலுவலர் கமாவின் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு கம்பளி, ஒரு வாளி, ஒரு டார்ச் லைட். முகத்தில் துக்கம். சோபாவின் நுனியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. மனசைத் தேத்திக்குங்க. நிலம் எவ்வளவு தூரம் சரிஞ்சது?"

"நூத்தி எண்பது கிலோமீட்டர்," என்றார் கமா. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அலுவலர் உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினார். "பொருட்சேதம்?"

"பூந்தொட்டி ஒண்ணு. டிரம் குச்சி ஒண்ணு, நடுவுல உடைஞ்சு போச்சு. மிச்சத்தை ஒரே குச்சியில அடிச்சு முடிச்சிருக்கா."

"உயிர்ச்சேதம்?"

கமா வாயைத் திறந்தார். அன்று காலைதான் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. உள் அறையிலிருந்து மகள் அடிக்கும் சத்தம் வீட்டையே தூக்கிக்கொண்டிருந்தது. மேல் மாடிக்காரர் வழக்கம்போல் வாசலில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கமா சட்டைப்பையில் அந்தக் கடிதத்தைத் துழாவினார். மனைவிதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள்.

அலுவலர் அதைத் தெளிவாக, முழுமையாக எழுதிக்கொண்டார்: 'உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் தேர்ச்சி.'